அறிஞரும் அனுமதிச் சீட்டும்

அறிவுக்கு எல்லை இல்லை என்று மேடைதோறும் பேசக் கேட்கின்றோம். அறிவைச் சுமந்து செல்லும் மனிதன் எல்லைக் காவலரின் மேசைக்கு முன்னே நின்றே ஆகவேண்டும். அவன் கையிலே கடவுச்சீட்டு இருக்கவேண்டும். அச்சீட்டிலே விசா முத்திரை விழுந்திருக்கவேண்டும். அம்முத்திரை விழுவதற்கு அந்நாட்டிலே அவனுக்கு வேலை தருவதாக ஒருவர் கையெழுத்திட்டிருக்கவேண்டும். பிறநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிற் பணியாற்றச் செல்லும் ஆசிரியருக்கு இவையெல்லாம் வெறும் அலுவலகச் சடங்குகளாகத் தோன்றலாம். ஆயின், இச்சடங்குகள் யாருடைய தேவைக்காக எழுதப்பட்டன என்பதை நாம் அறியவேண்டுமாயின், 1933ஆம் ஆண்டு தொடக்கம் இரண்டாவது உலகயுத்தம் முடியும்வரையுள்ள காலத்தை ஊன்றி நோக்குதல் வேண்டும். ஆசிரியர் ஒருவருக்கு அனுப்பப்படும் நியமனக் கடிதம் அவர் உயிரோடிருப்பாரா என்பதையே தீர்மானித்த காலம் அது.

1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். ஏப்ரில் 7ஆம் திகதி அரசாங்க சேவையைச் 'சீர்ப்படுத்தும்' சட்டம் பிரகடனஞ் செய்யப்பட்டது. ஜேர்மனியப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் அரசாங்க ஊழியர்களாதலால் அச்சட்டம் அவர்களை நேரே தாக்கிற்று. யூதர்களும், யூதப் பாட்டன் பாட்டியரைக் கொண்டோரும், சமவுடைமைவாதிகளும், பொதுவுடைமைவாதிகளும் பதவியிழந்தனர். சில ஆண்டுகளுக்குள் இவ்வாறு வெளியேற்றப்பட்டோர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோராவர். உலகத்துக்குப் பௌதிகமும் கணிதமும் கற்பித்த கோட்டிங்கன் நகரம் சில மாதங்களில் வெறிச்சோடியது. பதவியிழந்த பேராசிரியருக்கு முன்னே இருந்த வினா ஒன்றுதான்: எந்த நாடு உள்ளே விடும்?

பிரித்தானியாவிலே முதலில் அசைந்தவர்கள் ஆசிரியர்களே. ஹங்கேரியரான பௌதிகவியலாளர் லியோ ஸிலார்ட், லண்டன் பொருளாதாரக் கல்லூரியின் தலைவர் வில்லியம் பெவரிட்ஜை 1933இன் வசந்த காலத்தில் வியன்னாவிற் சந்தித்தார். அச்சந்திப்பின் பின், மே மாதத்தில், கல்விமான்கள் உதவிக் கழகம் தோன்றிற்று. ரதர்போர்ட் அதன் தலைவரானார். அக்டோபர் 3ஆம் திகதி லண்டன் அல்பேர்ட் மண்டபத்தில் ஐன்ஸ்டைன் பேசிய கூட்டத்திற்குப் பத்தாயிரம் பேரளவில் வந்தனர். விவாகமானவருக்கு ஆண்டொன்றுக்கு 250 பவுணும், தனியாளுக்கு 182 பவுணும் உதவிப்பணமாக வழங்கப்பட்டன. இப்பணத்தின் ஒரு பகுதி, தங்கள் சம்பளத்திற் பங்குவிட்டுக் கொடுத்த விரிவுரையாளர்களிடமிருந்து வந்தது என்பதை இங்கு குறிப்பிடாமல் இருக்கமுடியாது. றோயல் சங்கக் கட்டிடத்தின் மேல்மாடியில் இரண்டு சிறிய அறைகளில் இருந்துகொண்டு, எஸ்தர் சிம்சன் என்னும் பெண்மணி நாள்தோறும் கடிதம் எழுதினார். பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம், உள்நாட்டமைச்சுக்கு ஒரு கடிதம், தூதரகத்துக்கு ஒரு கடிதம். மிகப் பெரிய மனிதாபிமானப் பணிகளுள் ஒன்று தட்டெழுத்துப் பொறியின் முன்னிருந்து செய்யப்பட்டது.

அரசாங்கத்தின் நோக்கம் வேறாக இருந்தது. 1933 ஏப்ரிலில் இவ்விடயத்தை ஆராய்ந்த பிரித்தானிய மந்திரிசபை, வெளியேற்றப்படும் யூதர்களுள் விஞ்ஞானத்திலோ, மருத்துவத்திலோ, கைத்தொழில் நுட்பத்திலோ, இசை முதலிய கலைகளிலோ புகழ் பெற்றவர்களைத் தம் நாட்டுக்குப் பெற்றுக்கொள்வது நன்மை பயக்கும் எனத் தீர்மானித்தது. புகழ் பெறாதவர் என் செய்வது? அவர்களைப் பற்றி அத்தீர்மானம் பேசவில்லை. 1938இல் ஆஸ்திரியா நாஸிகளின் கைப்பட்டபின், அங்கிருந்து வரும் வைத்தியர்களுள் ஐம்பது பேரை மட்டுமே தொழில் செய்ய அனுமதிக்கப் பிரித்தானிய வைத்தியர் சமூகம் இசைந்தது. அதேவேளையில், வீட்டு வேலைக்கென வரும் பெண்களுக்கு அனுமதி தாராளமாகக் கிடைத்தது. இருபதினாயிரம் பேரளவில் அவ்வாறு வந்தனர். பட்டம் பெற்ற பெண்கள் பலர் மேல்நடுத்தர வர்க்கத்தாரின் சமையலறைகளில் பாத்திரம் துலக்கினர். நாட்டுக்கு எது தேவையோ அதற்கே கதவு திறந்தது. ஒருபுறம் அணுவை ஆராய்வோர் தேவை. மறுபுறம் அடுப்படிக்கு ஆள் தேவை.

வந்து சேர்ந்தவர்களுக்கும் நிம்மதி நீடிக்கவில்லை. 1940 கோடையில், ஹிட்லருக்கு அஞ்சி ஓடிவந்தவர்களையே 'எதிரி நாட்டு அந்நியர்' என முத்திரையிட்டுப் பிரித்தானிய அரசாங்கம் முட்கம்பி முகாம்களில் அடைத்தது. கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த மாக்ஸ் பெரூட்ஸ் கனடாவுக்குக் கப்பலேற்றப்பட்டு, 1941இன் தொடக்கத்திலே திரும்பினார். இவரே 1962இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசைப் பெற்றவர். அடைக்கப்பட்ட கல்விமான்கள் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர். அவர்களை மீட்பதற்கு எஸ்தர் சிம்சன் மீண்டும் கடிதம் எழுதத் தொடங்கினார்.

பிரித்தானியாவை விட்டு அமெரிக்காவை நோக்குவோம். இக்கட்டுரையின் மையம் அங்கேதான் இருக்கின்றது. ஏனெனில், பல்கலைக்கழக ஆசிரியருக்கென்றே எழுதப்பட்ட குடிவரவுப் பிரிவு ஒன்று அந்நாட்டுச் சட்டத்தில் இருந்தது. 1924ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் ஒவ்வொரு தேசத்தாருக்கும் ஆண்டுக் கோட்டா ஒன்றை விதித்தது. தென் ஐரோப்பியரும் கிழக்கு ஐரோப்பியரும் பெருந்தொகையாக வருவதைத் தடுப்பதே அதன் நோக்கம். ஆசிய மக்களுக்கோ ஏறக்குறைய முழுவதுமாகக் கதவடைத்தது. பிரஜையாகத் தகுதியற்ற இனத்தவர் குடியேறவும் தகுதியற்றவர் என்பது அதன் சித்தாந்தம். இத்தகைய சட்டத்தின் நான்காம் பிரிவில் ஒரு சிறு வழி விடப்பட்டிருந்தது. விண்ணப்பத்துக்கு உடன் முந்திய இரண்டாண்டுகள் தொடர்ச்சியாகச் சமய போதகராகவோ, கல்லூரி அல்லது பல்கலைக்கழகப் பேராசிரியராகவோ தொழில் செய்து, அத்தொழிலையே தொடர்வதற்காக மட்டும் வருபவர் கோட்டாவுக்குப் புறம்பாக அனுமதிக்கப்படுவார். அவருடைய மனைவியும் 18 வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளைகளும் உடன் வரலாம்.

இப்பிரிவை எழுதியவர்கள் அகதிகளை எண்ணி எழுதவில்லை. தேவாலயங்களுக்கும் கல்லூரிகளுக்கும் வேண்டிய ஆட்களைக் கோட்டாவின் தொல்லையின்றி வருவித்துக்கொள்ளவே எழுதினர். பத்தாண்டுகளுக்குள் அதே பிரிவு உயிர் பிழைக்கும் ஒற்றையடிப் பாதையாயிற்று. அப்பொழுதுதான் அதன் ஒவ்வொரு சொல்லும் கூர்மை பெற்றது.

'உடன் முந்திய இரண்டாண்டுகள்' என்னும் சொற்றொடரை நோக்குக. 1933இல் பதவியிழந்த யூதப் பேராசிரியர் 1936இல் விண்ணப்பித்தால், முந்திய இரண்டாண்டுகளாக அவர் எங்கும் கற்பிக்கவில்லை. கற்பிக்க விடாமற் செய்தவன் ஹிட்லர். கற்பிக்கவில்லை என்ற குற்றமோ ஆசிரியர் தலையில். பதவியிலே தொடர்ந்திருந்த ஆரியப் பேராசிரியர் இந்நிபந்தனையை எளிதிற் பூர்த்தி செய்தார்; அவருக்கு ஓடவேண்டிய தேவை இல்லை. சில கொன்சல்கள் இவ்விதியைத் தளர்த்தி வாசித்தனர், வேறு சிலர் எழுத்துக்கெழுத்தாய் வாசித்தனர். மேன்முறையீடு செய்வதற்கு நீதிமன்றம் இல்லை. கொன்சலின் மனப்போக்கே சட்டமாயிற்று.

அடுத்து 'அவருடைய மனைவி' என்னும் சொல். பெண் ஒருவர் பேராசிரியராயிருந்து இப்பிரிவின்கீழ் வந்தால் அவருடைய கணவன் உடன் வரலாம் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. பேராசிரியர் என்றால் ஆண் என்பதே அதனை எழுதியவர்களின் எண்ணம். ஆராய்ச்சி நிலையங்களிற் சம்பளமின்றியோ குறைந்த சம்பளத்துக்கோ ஆண்டுக்கணக்காய் உழைத்த பெண்களுக்குப் 'பேராசிரியர்' என்ற பட்டமே ஜேர்மனியில் கிடைப்பது அரிது. தாய்நாட்டில் அவர்களுக்கு இழைக்கப்பட்ட பழைய அநீதி, அந்நிய நாட்டு வாயிலிலே தகுதியின்மையாக மீண்டும் எழுதப்பட்டது.

பட்டத்தைப் பற்றிய இவ்விவகாரம் எவ்வளவு கொடிய எல்லைக்குச் சென்றது என்பதற்குச் சின்சினாட்டி நகரத்து எபிரேய ஐக்கியக் கல்லூரியின் வரலாறே சான்று. அக்கல்லூரித் தலைவர் ஜூலியன் மோர்கன்ஸ்டேர்ன் ஐரோப்பாவிலிருந்த யூதக் கல்விமான்கள் சிலரைத் தம் கல்லூரிக்கு அழைத்தார். தங்க இடமும் உணவும் சம்பளமும் தருவதாக உறுதி கூறினார். வோஷிங்டனிலே இராஜாங்கத் திணைக்களத்தின் விசாப் பகுதி தடை மேல் தடை எழுப்பியது. அழைக்கப்பட்டவருள் ஒருவர் ஆர்தர் ஷ்பானியர். பிரஷிய அரசாங்க நூலகத்தில் எபிரேய நூல்களைப் பரிபாலித்தவர். பேர்ளினிலிருந்த யூத உயர்கல்விக்கூடத்திலே கற்பித்தவர். நாஸிகள் ஆட்சிக்கு வந்தபின் அவ்வுயர்கல்விக்கூடத்தின் பெயரையே மாற்றி, அதனைச் சாதாரண கல்விச்சாலையாகத் தாழ்த்தியிருந்தனர். தாழ்ந்த நிலையிலுள்ள கல்விச்சாலையில் இருந்து உயர்ந்த நிலையிலுள்ள கல்லூரிக்கு வருபவருக்கு இப்பிரிவின்கீழ் விசா இல்லை என்று அமெரிக்க அதிகாரிகள் விடையளித்தனர். அவர் அடிப்படையில் நூலகரே அன்றிப் பேராசிரியரல்லர் என்ற வாதமும் உடன் வந்தது. யூதரை இழிவுபடுத்த நாஸி செய்த பெயர்மாற்றம், ஜனநாயக நாடொன்றின் கோப்பிலே செல்லுபடியாகும் ஆவணமாயிற்று! ஷ்பானியர் ஒல்லாந்துக்குச் சென்றார். ஜேர்மன் படைகள் அங்கும் வந்தன. 1944இல் பேர்கன்-பெல்சன் முகாமில் அவர் மாண்டார்.

அதே கல்லூரி அழைத்த இன்னொருவர் தத்துவ அறிஞர் அல்பேர்ட் லெவ்கோவிட்ஸ். அவரும் ஒல்லாந்தில் இருந்தார். 1940 மே மாதத்தில் ரொட்டர்டாம் நகரத்தின்மீது ஜேர்மன் விமானங்கள் குண்டுவீசியபோது அவருடைய பத்திரங்கள் எரிந்துபோயின. புதிய பிரதிகளை ஜேர்மனியிலிருந்து பெற்று வரும்படி அமெரிக்கக் கொன்சல் அலுவலகம் பணித்தது. தப்பி ஓடிய யூதன் தன்னைத் துரத்திய அரசாங்கத்திடமே திரும்பிச் சென்று சான்றிதழ் கேட்கவேண்டும்! அவரும் பேர்கன்-பெல்சனுக்கு அனுப்பப்பட்டார். கைதி மாற்றம் ஒன்றின் பயனாக 1944இற் பாலஸ்தீனத்தை அடைந்து உயிர் தப்பினார்.

இவை கீழ்நிலை எழுதுவினைஞர்களின் தவறுகள் என்று கருதிவிடல் பிழையாகும். 1940 ஜூனில் இராஜாங்கத் துணைச் செயலாளர்களுள் ஒருவரான பிரெக்கின்ரிட்ஜ் லோங் தம் திணைக்களத்துக்குள் எழுதிய குறிப்பொன்று பிற்காலத்தில் வெளிவந்தது. சட்டத்தை மாற்றவேண்டியதில்லை, கொன்சல்கள் வழியெங்கும் தடைகளை வைத்து, மேலும் மேலும் சான்று கேட்டு, விசா வழங்குவதைத் தள்ளித் தள்ளிப் போட்டாலே போதும் என்பது அதன் சாரம். பத்திரம் கேட்பதும் ஒரு கொள்கையாக இருக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான வாக்குமூலம் வேண்டியதில்லை.

18 வயது என்ற எல்லையும் ஓர் உயிரைக் காவுகொண்டதென்றே சொல்லத் தோன்றுகின்றது. வரலாற்றாசிரியர் மார்க் புளொக்கை அறியாத வரலாற்று மாணவர் இரார். மத்தியகால ஐரோப்பிய விவசாய சமுதாயத்தை மன்னர்களின் கதையிலிருந்து மீட்டுக் குடியானவனின் வயலுக்குக் கொண்டுவந்தவர். பிரான்ஸ் வீழ்ந்தபின் நியூயோர்க்கிலுள்ள புதிய சமூக ஆராய்ச்சிக் கல்லூரி அவருக்கு நியமனம் அளித்தது. 1933இலேயே நாடிழந்த அறிஞர்களுக்கெனத் தனிப் பகுதி ஒன்றைத் திறந்த கல்லூரி அது; 1940இன் பின் றொக்கபெல்லர் நிதியத்தின் பணத்தைக் கொண்டு பல அறிஞரை அழைத்தது. புளொக்குக்கு ஆறு பிள்ளைகள். சிறியவர்களுக்குப் பிரச்சினை இல்லை. 18 வயதைக் கடந்தவர்களுக்கு அமெரிக்க விசா இழுபட்டது. படைக்குச் செல்லும் வயதிலிருந்த புதல்வர்களை வெளியேற விடுவதற்கு விஷி அரசாங்கமும் இசையவில்லை. பிள்ளைகளை விட்டுத் தாம் மட்டும் செல்ல மனமின்றி 1941இல் அந்நியமனத்தைக் கைவிட்டார். பின்னர் எதிர்ப்பியக்கத்திலே சேர்ந்தார். 1944 ஜூன் 16ஆம் திகதி நாஸிகள் அவரைச் சுட்டுக் கொன்றனர்.

பல்கலைக்கழகங்களின் பங்கு என்ன? விசாவின் திறவுகோல் நியமனக் கடிதம் என்றால், அக்கடிதத்தை எழுதவேண்டியவர்கள் அவர்களே. நியூயோர்க்கில் 1933இல் அமைந்த அவசரகாலக் குழு, இடம்பெயர்ந்த அறிஞருக்கு நியமனம் தரும் கல்லூரிகளுக்குச் சம்பளத்தின் ஒரு பகுதியைக் கொடுத்துதவியது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் அக்குழுவை நாடினர். உதவி பெற்றவர் 335 பேர். பொருளாதார மந்தத்தினால் அமெரிக்க இளம் பட்டதாரிகள் வேலையின்றி நின்ற காலம் அது. ஆகவே அவர்களோடு போட்டியிடக்கூடிய முப்பது வயதுக்குட்பட்டவர்களைக் குழு பெரும்பாலும் தவிர்த்தது. ஓய்வூதியப் பாரம் வந்துவிடும் என்று முதியோரையும் தவிர்த்தது. உலகப் புகழ் பெற்றவரை எடுப்பதற்குக் கல்லூரிகள் போட்டியிட்டன. புகழ் வருமுன்னரே துரத்தப்பட்ட இளைஞனுக்குக் கடிதம் எழுத ஆள் இல்லை. மூலதனத்தைப் போலவே பல்கலைக்கழகமும் தன் முதலீட்டுக்கு நிச்சயமான பலனை எதிர்பார்த்தது எனலாம். பல கழகங்களில் யூத ஆசிரியர் தொகை 'அதிகரித்துவிடக் கூடாது' என்ற எண்ணமும் மறைவாக வேலை செய்தது.

இவ்விடத்தில் நாம் மகிழ்ச்சியோடு நினைவுகூர வேண்டிய செய்தி ஒன்றுண்டு. செல்வம் நிறைந்த பல்கலைக்கழகங்கள் தயங்கிய வேளையில், தென் மாநிலங்களிலிருந்த நீக்ரோ மக்களின் ஏழைக் கல்லூரிகள் ஐம்பதளவான அகதி ஆசிரியர்களுக்கு இடம் கொடுத்தன. பிளேட்டோவை ஆராய்ந்த ஏர்ன்ஸ்ட் மனாஸ்ஸே 1939இல் வட கரோலைனாவின் டர்ஹம் நகரத்து நீக்ரோக் கல்லூரியில் ஆசிரியரானார். அந்நியமனமே அவர் அந்நாட்டில் தங்குவதற்கு வழிசெய்தது. கல்லூரித் தலைவர் ஜேம்ஸ் ஷெப்பேர்டு பேருந்தில் வெள்ளையரோடு சமமாக அமரமுடியாதவர். அவரைச் சேர்ந்த மக்களுட் பெரும்பாலோருக்கு வாக்குரிமை நடைமுறையில் இல்லை. சொந்த நாட்டிலே பாதிப் பிரஜையாக வைக்கப்பட்ட ஒருவர், பிரஜாவுரிமை பறிக்கப்பட்ட இன்னொருவருக்காகக் கையெழுத்திட்டார். சமூகவியலாளர் ஏர்ன்ஸ்ட் பொரின்ஸ்கி 1947 முதல் மிசிசிப்பி மாநிலத்து டூகலூ கல்லூரியிற் கற்பித்தார். அவருடைய வகுப்பறையில் வெள்ளை மாணவரும் கறுப்பு மாணவரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தனர். அம்மாநிலத்தில் அது குற்றம் போலக் கருதப்பட்ட காலம்.

ஐரோப்பாவின் மறுகோடியில் துருக்கி வேறொரு பாதையை எடுத்தது. 1933இல் பழைய தாருல் புனூனை மூடி இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தைத் தொடங்கிய அத்தாதுர்க்கின் அரசாங்கத்துக்கு ஆசிரியர்கள் அவசரமாகத் தேவைப்பட்டனர். பிராங்பர்ட்டிலிருந்து ஓடி ஸூரிக்கில் தங்கியிருந்த நோய்க்கூற்றியல் அறிஞர் பிலிப் ஷ்வார்ட்ஸ், வேலையிழந்தோர் பெயர்ப்பட்டியலோடு அங்காராவுக்குச் சென்றார். ஜூலை 6ஆம் திகதி கல்வி மந்திரியோடு ஒரு மேசையிலமர்ந்து, துறை துறையாகப் பெயர்களைச் சொல்லிச் சொல்லி முப்பதுக்கு மேற்பட்ட நியமனங்களுக்கு இணக்கம் பெற்றுவிட்டார். தனித்தனி விண்ணப்பமாகச் சென்றிருந்தால் ஆண்டுகள் எடுத்திருக்கக்கூடிய காரியம் ஒரு பிற்பகலில் முடிந்தது. ஒப்பந்தத்தில் நிபந்தனைகள் இருந்தன: சில ஆண்டுகளுக்குள் துருக்கி மொழியிற் கற்பிக்கவேண்டும், அம்மொழியிற் பாடநூல்கள் ஆக்கவேண்டும். தாய்மொழிக் கல்விக்காகப் போராடிய எமக்கு இந்நிபந்தனை நியாயமாகவே தோன்றுகின்றது. எரிக் அவுவர்பாக் 1936இல் அங்கு வந்தவர். ஐரோப்பிய இலக்கியத்தில் யதார்த்தம் சித்திரிக்கப்பட்ட முறையை ஆராயும் தமது பெருநூலை அந்நகரத்திலிருந்தே எழுதினார்.

ஆயினும் இக்கதையின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். பழைய கலாசாலையின் சொந்த ஆசிரியர்களுள் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் அதே வேளையில் வீட்டுக்கனுப்பப்பட்டனர். ஜேர்மன் அரசாங்கம் 1941இல் வெளிநாடுகளிலிருந்த யூதரின் பிரஜாவுரிமையை ஒரே ஆணையாற் பறித்தபோது, துருக்கி அதிகாரிகள் அப்பேராசிரியர்களின் பத்திரங்களில் 'ஹைமாட்லோஸ்' என்று எழுதினர். வீடற்றவன் என்னும் ஜேர்மன் சொல்லைத் துருக்கி எழுத்திலே எழுதியது அது. மேலும், பேராசிரியர் பட்டியலில் இல்லாத யூதனுக்கு அந்நாடு வேறு முகம் காட்டியது. ருமேனியாவிலிருந்து ஏறக்குறைய 770 அகதிகளோடு வந்த ஸ்ட்ரூமா என்னும் பழுதடைந்த கப்பல், பாலஸ்தீனம் செல்லப் பிரித்தானிய அனுமதி இன்றியும், கரையிறங்கத் துருக்கியின் அனுமதி இன்றியும் இஸ்தான்புல் துறைமுகத்தில் இரண்டு மாதமளவு கிடந்தது. 1942 பெப்ரவரியில் அது கருங்கடலுக்கு இழுத்துவிடப்பட்டு, மறுநாள் சோவியத் நீர்மூழ்கி ஒன்றின் தாக்குதலால் மூழ்கியது. உயிர் தப்பியவர் ஒருவரே. துறைமுகத்திலிருந்து பல்கலைக்கழகம் அதிக தொலைவில் இல்லை.

முற்போக்காளர் என்று நம்மைச் சொல்லிக்கொள்ளும் நாம் சோவியத் நாட்டைப் பற்றி மௌனம் சாதிப்பது அறமன்று. கணிதமேதை எம்மி நோதர் கோட்டிங்கனிலிருந்து நீக்கப்பட்டு, அமெரிக்காவில் பிறின் மோர் மகளிர் கல்லூரியிற் சேர்ந்தார். 1935இல் நோயினால் இறந்தார். அவருடைய தம்பி பிரிட்ஸ் நோதரும் கணித அறிஞரே. பிறெஸ்லாவில் பதவியிழந்த அவர், சைபீரியாவின் தொம்ஸ்க் நகரத்திலே பேராசிரியர் பதவி பெற்று நம்பிக்கையோடு சென்றார். 1937இல் ஜேர்மன் ஒற்றன் என்று கைதுசெய்யப்பட்டார். 1941 செப்டெம்பரிலே சுடப்பட்டார். அவர்மீது குற்றம் எதுவுமில்லை என்று சோவியத் உயர்நீதிமன்றம் 1988இல் அறிவித்தது. ஒரு குடும்பத்து இரு பிள்ளைகள், இரு விசாக்கள். எந்தச் சமுதாய அமைப்பாயினும், அந்நிய ஆசிரியனின் பாதுகாப்பு அழைத்தவரின் தயவில் தங்கியிருக்கும்வரை அது பாதுகாப்பாகாது.

நமது பிரதேசத்திலும் இவ்வரலாற்றின் இழைகள் உண்டு. பெங்களூர் விஞ்ஞானக் கழகத்தின் தலைவராயிருந்த ச. வெ. இராமன், கோட்டிங்கனை விட்டு வந்த மாக்ஸ் போர்னை 1935இல் அழைத்து, நிரந்தரப் பதவி கொடுக்கவும் முயன்றார். சொந்த நாடு துரத்திவிட்ட இரண்டாந்தர அந்நியர் நமக்கு எதற்கு என்று, மின்பொறியியற் பேராசிரியராயிருந்த ஆங்கிலேயர் ஒருவர் சபையிலே பேசியதாகப் போர்ன் தம் சுயசரிதையில் எழுதியுள்ளார். இந்திய மண்ணில் ஆங்கிலேயர் ஒருவர் மற்றவரை அந்நியர் என்றழைத்தது விந்தையே! போர்ன் எடின்பரோவுக்குச் சென்றார். 1954இல் நோபல் பரிசு பெற்றார். தமிழ்க் குடும்பத்தவரான வானியல் அறிஞர் சு. சந்திரசேகர் 1937இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தபோது, இந்தியர் அமெரிக்கப் பிரஜையாவதற்குச் சட்டம் இடமளிக்கவில்லை. அவ்வுரிமை 1946இலேதான் வந்தது.

இலங்கைப் பல்கலைக்கழகமும் இத்தகைய ஒருவரைப் பெற்றது. ஹாலே பல்கலைக்கழகத்தில் இந்திய தத்துவம் கற்பித்த பெற்றி ஹைமன் 1933இல் பதவியிழந்து, லண்டனில் அடைக்கலம் புகுந்து, 1945 தொடக்கம் 1949 வரை கொழும்பிலே வடமொழித் துறையை அமைத்து நடத்தினார். அதை நினைக்கும்போது பெருமையே தோன்றுகின்றது. அவர் இங்கு கற்பித்துக்கொண்டிருந்த 1948ஆம் ஆண்டிலேதான், தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்த இலட்சக்கணக்கான மலையகத் தொழிலாளரை நாடற்றவராக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் இந்நாட்டிலே நிறைவேறிற்று. பத்திரம் காட்டு என்று அவர்களிடமும் கேட்கப்பட்டது.

யுத்தத்தின் பின் சட்டங்கள் மாறின. அமெரிக்காவிலே 1952ஆம் ஆண்டுச் சட்டம், திறமையுள்ள அந்நியரைத் தற்காலிகமாக வேலைக்கமர்த்தும் விசா வகையை உண்டாக்கியது. அதே சட்டம் பொதுவுடைமைக் கருத்துடையோரை விலக்கவும் அதிகாரமளித்தது. பௌதிகமேதை டிராக் 1954இல் பிறின்ஸ்டனுக்குச் செல்ல விசா மறுக்கப்பட்டார். ஸ்ரான்போர்ட் முதலிய பல்கலைக்கழகங்கள் அழைத்த மார்க்சியப் பொருளியலாளர் ஏர்னஸ்ட் மண்டேல் 1969இற் தடுக்கப்பட்டார். அவரைக் கேட்கும் உரிமை தமக்குண்டு என்று அமெரிக்கப் பேராசிரியர்கள் தொடுத்த வழக்கை அந்நாட்டு உயர்நீதிமன்றம் 1972இல் தள்ளியது. நமது சமசமாஜக் கட்சியின் தோழர்களோடு விவாதித்துப் பிரிந்தவர்தாம் இந்த மண்டேல். அவருடைய வாதங்களை இங்குள்ளோர் அறிந்தனர். ஸ்ரான்போர்ட் மாணவர் கேட்கக்கூடாது என்றது சட்டம்.

1990இல் அத்தற்காலிக விசா புதிய உருவம் பெற்று, ஆண்டுக்கு 65,000 என்ற வரம்பும் வந்தது. 2000ஆம் ஆண்டிலே பல்கலைக்கழகங்கள் அவ்வரம்பிலிருந்து விலக்கப்பட்டன. 1924இன் பழைய பிரிவு வேறு வடிவில் மீண்டது என்று சொல்லலாம். 2025 செப்டெம்பரில் ஜனாதிபதி டிரம்ப் வெளியிட்ட பிரகடனம், நாட்டுக்கு வெளியேயுள்ள ஒருவருக்காகச் சமர்ப்பிக்கப்படும் புதிய விண்ணப்பத்துக்கு ஒரு இலட்சம் டொலர் கட்டணம் விதித்தது. பல்கலைக்கழகங்களுக்கென்று தனி விலக்கு எதுவும் அதில் எழுதப்படவில்லை. பெருஞ்செல்வமுள்ள கழகம் ஒருவேளை கட்டிவிடும். டர்ஹம் நகரத்து ஷெப்பேர்டின் கல்லூரி போன்றதொன்று எவ்வாறு கட்டும்?

பிரித்தானியாவில் 2008இன் பின் வந்த புள்ளி முறையின்கீழ், அந்நிய ஆசிரியரை அழைக்கும் பல்கலைக்கழகம் அரசாங்கத்திடம் உரிமம் பெற்ற பொறுப்பாளியாதல் வேண்டும். அவர் வேலைக்கு வராதிருந்தால் அறிவிக்கவும் வேண்டும். முன்னே அறிஞருக்காக அமைச்சுக்குக் கடிதம் எழுதிய கழகம், இப்பொழுது அமைச்சுக்காக அறிஞரைக் கண்காணிக்கின்றது. வேலை ஒப்பந்தம் முடிந்துவிட்டால், வேறொரு பொறுப்பாளியைத் தேடுவதற்கு இவ்விரு நாடுகளிலும் அவருக்குப் பொதுவாகக் கிடைக்கும் அவகாசம் 60 நாள்.